பிக் குறைந்தவன்

காலை ஐந்தே முக்காலுக்குக் கிடங்கின் வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய திரை. அதில் எங்கள் எல்லோருடைய பெயரும், பெயருக்கு எதிரே ஒரு சதவீதமும் இருக்கும். ஒருவர் ஒரு மணி நேரத்தில் இத்தனை பொருள் எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கும் அளவுக்குப் போலந்துக்காரர்கள் 'நோர்மா' என்று சொல்கிறார்கள். அதை எட்டியவன் பச்சை, ஒட்டி நிற்பவன் மஞ்சள், எட்டாதவன் சிவப்பு. அந்தத் திரை ஒரு பெயருக்குப் பத்து ஆங்கில எழுத்துக்கு மேல் இடம் கொடுக்காது. என் பெயர் கோமதிநாயகம். பத்தாவது எழுத்தில் வெட்டுப்பட்டு அது 'கோமதிநாய்' என்று நிற்கும், அதுவும் சிவப்பில். சங்கரன்கோவில் அம்மனை நினைத்து வைத்த பெயர், வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துக்கு வெளியே ஒரு தகரக் கட்டடத்தில் தினமும் காலையில் நாயாகிவிடுகிறது. அதைப் படித்துச் சிரிக்க அங்கே இரண்டே பேர்தான் உண்டு. ஒருவன் நான், இன்னொருவன் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கடையநல்லூர் காசிம். முதல் வாரம் அவன் திரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வால ஆட்டிக்கிட்டே போவும் வே, எஜமான் பாக்கான்" என்றான். நானும் சிரித்தேன். மூன்றாம் மாதம் சிரிப்பு வரவில்லை.

வேலை இதுதான். இடது மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டிவிடுவார்கள். எந்த வரிசை, எந்தத் தட்டு, எந்தப் பொருள், எத்தனை என்று அது சொல்லும். போய் எடுத்து, அதன் கண்ணில் காட்டி, வண்டியில் உள்ள பெட்டியில் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'பீப்'. அடுத்த பீப் வரத் தாமதமானால் அது சும்மா இருக்கும், ஆனால் எண்ணிக்கொண்டே இருக்கும். மூக்கைச் சிந்தினாலும் அதற்குத் தெரியும். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், யாரோ ஒரு அதிகாரி கழுத்தில் ஏறி உட்கார்ந்து விரட்டுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே யாரும் யாரையும் அதட்டுவதில்லை. திட்டு வாங்கி வளர்ந்தவனுக்கு அந்த அமைதிதான் முதலில் பயத்தைக் கொடுக்கும்.

ஊரில் நான் அளக்கப்பட்டவன் இல்லை, அளந்தவன். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் துணி பார்க்கிற வேலை. தறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சேலையையும் வெளிச்சத்தில் விரித்து, இழை அறுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை உண்டா, கரை நேராக ஓடுகிறதா என்று பார்த்து, கடைசியில் பிக் எண்ணுவேன். தறிக்காரர்கள் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சேலையின் குறுக்கே ஓடுவது ஊடை நூல். ஒரு அங்குலத்தில் எத்தனை ஊடை நூல் விழுந்திருக்கிறது என்பதுதான் பிக். எங்கள் சேலைக்கு ஐம்பத்திரண்டு விழ வேண்டும். தறியில் ஒரு பல்சக்கரத்தை மாற்றிப் போட்டுவிட்டால் நாற்பத்தெட்டுதான் விழும். சேலை சீக்கிரம் இறங்கும், நூலும் மிஞ்சும், வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நாலு துவைப்பில்தான் கட்டியவளுக்குத் தெரியும். அதனால் எங்கள் கூடத்தில் ஒருவனைப் பார்த்து "உனக்குப் பிக் குறையுது" என்று சொல்வது, கை மெதுவாக ஓடுகிறது என்று சொல்வது அல்ல. நீ களவாணி என்று முகத்துக்கு நேரே சொல்வது.

அப்படிச் சொல்வதற்கும் ஒரு முறை இருந்தது. பிக் எண்ண ஒரு மடக்குக் கண்ணாடி வைத்திருப்பேன். அடியில் ஒரு அங்குலச் சதுரச் சட்டம், மேலே பெருக்கிக் காட்டும் கண்ணாடி. ஊசி முனையால் இழை இழையாகத் தள்ளி எண்ண வேண்டும். நான் குறைவு என்று சொன்னால், நெய்தவர் கையை நீட்டி, "கண்ணாடியக் குடும்" என்பார். கொடுத்தே ஆக வேண்டும். முதலாளியே நின்றாலும் அதை மறுக்க முடியாது. அவருக்கு இஷ்டமான இடத்தில் வைத்து அவரே எண்ணுவார். ஒரு தடவை மாடசாமி அண்ணாச்சி அப்படிக் கேட்டார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நாலு தறி ஓட்டுகிறவர். நான் நாற்பத்தெட்டு என்றேன். அவர் கண்ணாடியை வாங்கி முந்தியில் வைத்து எண்ணினார், நடுவில் வைத்து எண்ணினார், கரைப் பக்கம் எண்ணினார். பிறகு கண்ணாடியை மடக்கி என் கையில் வைத்து, "நாப்பத்தெட்டுதான்" என்றார். முகத்தைக் கழுவினார், சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. மறுநாள் அவர் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. அன்று நான் எழுதியது சரிதான். ஆனாலும் அவர் படியிறங்கிய விதம் ரொம்ப நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்தக் கதையை முதுகில் சுமந்துகொண்டு நான் போலந்துக்கு வந்திருக்கிறேன் என்பது பானி யோலாவுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பிரிவின் தலைவி அவர். 'பானி' என்றால் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது மாதிரி. ஐம்பது வயதிருக்கும், நல்ல மாதிரி. என் ஆங்கிலத்துக்கும் அவர் ஆங்கிலத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டும் நொண்டி. ஒரு செவ்வாய்க்கிழமை என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். நான் இங்கே தங்குவதற்கான அனுமதி அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் கம்பெனி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது கிடைத்தால் ஒரு வருடத்தில் மனைவி செல்வியையும் மகளையும் அழைத்துக்கொள்ள வழி பிறக்கும். கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்தக் கிடங்குக்கு முன்னால் இங்கே வேறு இடங்களில் வேலை பார்த்ததையும் சேர்த்து, இரண்டு வருடமாக மகளைக் கைபேசிக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்கிறேன். படிவம் தயாராகிவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். அவர் கணினியை என் பக்கம் திருப்பி, எண்பத்தாறு என்ற எண்ணைக் காட்டி, "யூ, பிக் லோ. வெரி லோ" என்றார்.

எனக்கு ஆங்கில பிக் தெரியாமல் இல்லை. எடுப்பது என்று அர்த்தம். என் பதவியின் பெயரே 'பிக்கர்'. மூன்று மாதமாக அந்த வார்த்தைக்குள்தான் நடமாடிக்கொண்டிருந்தேன். ஆனால் நாலு பேர் நிற்கும்போது ஒரு பெண் என் முகத்தைப் பார்த்து பிக் குறைவு என்றதும், காதில் விழுந்தது சங்கரன்கோவில் வார்த்தை. உடம்பு சுட்டது. "நோ. ஐ நோ சீட்டிங். மை பிக் கரெக்ட்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. கை தானாக நீண்டது. "ஐ கௌண்ட். கிவ் மீ கிளாஸ்" என்றேன்.

பானி யோலா என்னைக் கவலையோடு பார்த்தார். எழுந்து போய் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குடித்தேன். வேறு என்ன செய்வது? குடித்து முடிப்பதற்குள் அவர் ஒரு தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். அங்கங்கே தலையைத் தூக்கி, "கௌண்ட் நாட் கரெக்ட், எஸ்?" என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் எஸ் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். கோபத்தில் இருக்கிறவன் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படிப்பதில்லை, அதுவும் போலிஷ் மொழியில்.

அறைக்கு வந்ததும் காசிம் அந்தத் தாளைக் கைபேசி வைத்து மொழிபெயர்த்துப் பார்த்தான். காசிம் பத்து வருடம் துபாயில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். இங்கே அவனுடைய எண் நூற்றுப் பதினெட்டு, எப்போதும் பச்சை.

"உம்மகிட்ட என்ன சொன்னா அந்தம்மா?" என்றான்.

"பிக் கம்மின்னா. களவாணின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"யா அல்லாஹ். இங்கன பிக்குன்னா எடுக்கது வே. நூலும் இல்ல, சேலையும் இல்ல. மெதுவா எடுக்கீருன்னு சொல்லியிருக்கா." தாளைத் தட்டினான். "நீரு என்ன எழுதிக் குடுத்துருக்கீரு தெரியுமா? மெஷின் தப்பா எண்ணுதுன்னு புகார். வியாழக்கிழம ஒருத்தன் நாள் பூரா உம்ம பின்னாலயே வந்து கணக்கெடுப்பான். அதுல வார நம்பர்தான் கடைசி. அத வச்சுத்தான் படிவத்துல கையெழுத்து."

மறுநாள் காலையிலேயே பானி யோலாவிடம் ஓடினேன். தவறிச் சொல்லிவிட்டேன், தாளைக் கிழித்துவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டி, "ப்ரோதோகுவ். சிஸ்டம்" என்றார். பதிவாகிவிட்டது, இனி அவர் கையில் இல்லை. எங்கள் கூடத்தில் எவ்வளவு பெரிய சண்டையும் நாலு மணிக் காப்பியோடு முடிந்துவிடும். முதலாளி எழுதியதை அவரே அடித்துவிடுவார். இங்கே எழுதியதை அடிக்க ஆளே கிடையாது.

அன்று பதினொன்றரை இடைவேளையில் செல்வியைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது மூன்று மணி. அவள் அதே தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறாள், அதாவது ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் ஏற்றுகிற வேலை. பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் பேச அவள் வெளியே நடந்து வந்தாள்.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"எனக்குப் பிக் குறையுதுன்னு சொல்லிட்டாவ செல்வி."

"உங்களையா? களவாணின்னா சொன்னாவ?" என்றாள். காசிமுக்கு முன்பே ஒரு நாள் இதை விளக்க வேண்டியிருந்தது, இவளுக்கு வேண்டியிருக்கவில்லை. இங்கே பிக் என்றால் வேறு என்று அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "எதுவா இருந்தா என்ன, நீங்க குறைக்க ஆளா? பிள்ள பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்து வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

என் எண் ஏன் குறைகிறது என்பது எனக்கும் தெரியும். காசிமுக்கும் தெரியும். நான் ஒரு பொருளை எடுத்தால் திருப்பிப் பார்ப்பேன். அடி கசிகிறதா, மூலை நசுங்கியிருக்கிறதா, மூடி இறுக்கமா என்று கட்டைவிரல் ஒரு சுற்றுப் போய் வரும். பன்னிரண்டு வருடம் துணி பார்த்த கை அது. யாரும் பார்க்கச் சொல்லவில்லை. பார்க்காமல் போட முடியவில்லை, அவ்வளவுதான். பொருளுக்கு நாலைந்து வினாடி ஆகும். நசுங்கியதை ஒதுக்கி வைத்துவிட்டு நல்லதை எடுப்பேன். மூன்று மாதத்தில் நான் அனுப்பிய ஒரு பொருள்கூட உடைந்ததென்று திரும்பி வந்ததில்லை. அதற்குத் திரையில் நிறம் எதுவும் கிடையாது.

"பாக்காதீரும் வே" என்று புதன்கிழமை சாயங்காலம் காசிம் சொன்னான். "எடும், போடும். அம்புட்டுதான். பாத்தா ஊருக்குப் போவீரு."

வியாழக்கிழமை என் பின்னால் வந்தவர் பான் ரிஷார்த். பெண்ணுக்குப் பானி என்றால் ஆணுக்குப் பான். ஓய்வு பெற இன்னும் சில மாதமே இருக்கும் பெரியவர், வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். கையில் ஒரு பலகைக் கணினி. நான் நடந்தால் நடந்தார், நின்றால் நின்றார். நான் நின்ற ஒவ்வொரு தடவையும் அவர் விரல் அதில் ஒரு கட்டத்தைத் தொட்டது. நடை என்று ஒரு கட்டம், எடுப்பு என்று ஒரு கட்டம், கடைசியில் 'இன்னே' என்று ஒரு கட்டம். இன்னே என்றால் மற்றவை. நான் ஒரு டப்பாவைத் திருப்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த விரல் இன்னேவுக்குப் போனது. முதல் இரண்டு மணி நேரம் வேகமாகவும் போனேன், பார்க்கவும் செய்தேன். சட்டை நனைந்துவிட்டது. குளிரூட்டிய கட்டடத்தில் எனக்கு மட்டும் சித்திரை மாத வெயில் அடித்தது. மணிக்கட்டில் தொண்ணூற்று மூன்று என்று காட்டியது.

ஒரு பழக்கூழ்ப் புட்டியை எடுத்து மூடியைத் தடவிப் பார்த்தபோது அவர் வாயைத் திறந்தார். "ஒய் லுக்?"

"மே பி ப்ரோக்கன். கஸ்டமர்..." என்று இழுத்தேன்.

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. தூரத்தில் தெரிந்த இன்னொரு கூடத்தைக் கைகாட்டினார். "ப்ரோக்கன், கம் பேக். தேர், அதர் பீப்பிள். தேர் வொர்க். யுவர் வொர்க், பிக்." உடைந்தது திரும்பி வரும், அதைப் பார்க்க அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள், உனக்கென்ன என்கிறார். குரலில் குத்தல் கிடையாது. தன் முழங்காலைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு, இரக்கத்தோடுதான் சொன்னார். என் மேல் கொஞ்சமாவது கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது செய்திருப்பேன்.

அந்தப் புட்டியைப் பெட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கண்ணை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டேன். வரிசை, தட்டு, பீப். வரிசை, தட்டு, பீப். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு நாலு விரலால் எடுத்தேன். அப்படிச் செய்தால் அது தடவப் போகாது என்று அன்று கண்டுபிடித்தேன். அதிலிருந்து பான் ரிஷார்த்தின் விரல் இன்னே பக்கம் போகவே இல்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணப் பெட்டி. தூக்கும்போதே உள்ளே கலகலவென்று சத்தம். அவருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. போட்டேன். பீப். இரண்டு மணிக்கு வேலை முடிந்தபோது அவர் பலகையைத் திருப்பிக் காட்டினார். நூற்று ஒன்பது. "டோப்ஜெ" என்று என் தோளைத் தட்டினார். நல்லது என்று அர்த்தம்.

மறுநாள் காலை திரையில் நான் பச்சையாக இருந்தேன். பானி யோலா கையெழுத்தான படிவத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். மகள் விமான நிலையத்தில் தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்து வருவதுவரை அந்த ஒரு நிமிடத்தில் நினைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு கூச்சம், யாரோ பார்த்துவிட்ட மாதிரி. களவாணி என்று நான் தப்பாகக் காதில் வாங்கிய நாளில் நான் எதையும் குறைக்கவில்லை. நல்லவன் என்று கைகுலுக்கிய நாளில்தான் நிஜமாகவே குறைத்திருந்தேன். பல்சக்கரத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். மாடசாமி அண்ணாச்சியாவது கண்ணாடியை வாங்கித் தானே எண்ணி ஒத்துக்கொண்டார். நான் ஒத்துக்கொள்வதைக் கேட்க ஒரு ஆள்கூட இல்லை.

இடைவேளையில் செல்வியைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவள் வெளியே வரவில்லை, தறிச் சத்தத்துக்குள்ளேயே நின்று கத்திப் பேசினாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"பிக் என்ன ஆச்சு?"

"கூடிட்டு."

"எம்புட்டு?"

"நூத்தி ஒம்போது."

அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம், "எங்க வீட்டுக்காரருக்குப் பிக் நூத்தி ஒம்போதாம்" என்று உரக்கச் சொன்னது கேட்டது. எங்கள் கூடத்தில் அப்படி ஒரு பிக் எந்தத் தறியிலும் விழுந்ததில்லை. யாரோ ஒருத்தி, "தண்ணி ஊத்துனாக்கூட இறங்காதே அந்தத் துணியில" என்றாள். இன்னொரு குரல், "கண்ணாடி பிடிச்ச கைல்லா, சோட போகுமா?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். செல்வி மறுபடி காதுக்கு வந்து, "எல்லாரும் சந்தோசப்படுதாவ" என்றாள். அது எப்படிக் கூடியது என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எந்த நாள் போகலாம் என்று கேட்டாள். திங்கட்கிழமை போ என்றேன்.

இடைவேளை முடிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பதினான்காம் வரிசை, மூன்றாம் தட்டு, குழந்தைகளுக்கான பால்மாவு டப்பா ஒன்று. எடுத்தேன். மடக்கி வைக்க மறந்துபோன கட்டைவிரல் அடியில் ஓர் இடத்தில் நின்றது. நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம், விளிம்பில் மாவு நெருநெருவென்று பட்டது. வலது கை டப்பாவை விட மாட்டேன் என்றது. இடது மணிக்கட்டில் எண் நூற்று ஏழாகி, நூற்று ஆறாகி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளும் என்னுடையவைதான். வரிசையின் நடுவில், இரண்டில் எதன் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.